சோதனைக்கு வந்த வண்டி

காலை ஒன்பதரை மணிக்கெல்லாம் அவள் குழிக்குள் இறங்கிவிடுவாள். வாகனச் சோதனை நிலையத்தின் இரண்டாம் வரிசையில், ஓர் ஆள் நிற்கும் ஆழத்துக்கு வெட்டி, ஓரங்களில் இரும்புச் சட்டம் பதித்த குழி அது. மேலே வண்டி வந்து நிற்கும். அண்ணாந்தால் வண்டியின் வயிறு. ஒரு கையில் டார்ச், மறு கையில் சின்னச் சுத்தியல். நட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவாள். இறுகியிருந்தால் ஒரு சத்தம், தளர்ந்திருந்தால் வேறு சத்தம். பதினாறு வருஷமாகக் காது பழகிய சத்தங்கள். வண்டிக்காரர்கள் மேலே நின்று எட்டிப் பார்த்து, "மேடம், எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்பார்கள். கிணற்றில் விழுந்தவளிடம் சௌக்கியம் விசாரிப்பது போலிருக்கும்.

ஒவ்வொருவருக்கும் கர்வப்பட ஏதாவது ஒன்று வேண்டித்தான் இருக்கிறது. அவளுக்கு அவளுடைய கையெழுத்து. ஒரு காசு வாங்காமல் போட்ட கையெழுத்து. "அந்தம்மா நெருப்பு, கிட்டப் போகாதீங்க" என்று மேலதிகாரியே புரோக்கர்களிடம் சொல்வார். அதைக் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டு அவள் குழிக்குள் இறங்குவாள். உள்ளே இறங்குகிறவளுக்கு உள்ளுக்குள் ஓர் உயரம்.

அன்று முதலில் வந்தது ஒரு ஜீப். அதன் முன்பக்க இடது டயரின் பக்கவாட்டில், நகத்தால் கீறியது போல், பிறை வடிவத்தில் ஒரு பழைய தழும்பு.

'மறுபடியும் வந்துட்டியா?' என்று மனதுக்குள் கேட்டாள்.

வண்டி புதிது, வண்டிக்காரர் புதியவர். டயர் மட்டும் பழைய சிநேகிதம். அவளுக்குத் தெரிந்து பதினொரு வண்டிகளில் ஏறி அது இங்கே வந்திருக்கிறது. ஊரில் யாரும் இத்தனை பரீட்சை எழுதி அத்தனையிலும் பாஸானதில்லை.

ரகசியம் ஒன்றுமில்லை. நிலையத்துக்கு எதிரிலேயே ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. ஜீப்புகளின் ஸ்பிரிங்குகளைக் கழற்றி உயரமான ஸ்பிரிங் போட்டு, பெரிய பெரிய டயர்களை மாட்டிக் கொடுப்பார்கள். 'லிஃப்ட்' என்று அதற்குப் பெயர். விதிப்படி கூடாது. அதனால் சோதனை நாளன்று மட்டும் காலையில் எல்லாவற்றையும் கழற்றி, கம்பெனியிலிருந்து வந்தது போன்ற ஸ்பிரிங்கும் டயரும் போட்டு அனுப்புவார்கள். சொந்தப் பழைய டயர் இல்லாதவர்களுக்கு இரவல் கொடுக்கவே ஒரு தொகுப்பு வைத்திருந்தார்கள். 'பரீட்சை செட்டு' என்று அதைக் கூப்பிட்டார்கள். சான்று வாங்கிக்கொண்டு எதிர்வாசலுக்குப் போகும் ஜீப், மத்தியானத்துக்குள் மறுபடி முக்கால் சாண் வளர்ந்துவிடும்.

அவளுக்குத் தெரியும். மூன்று வரிசைக்காரர்களுக்கும் தெரியும். மேலதிகாரிக்கும் தெரியும். ஆனால் விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: 'சோதனைக்கு வந்த நிலையில் வாகனத்தைச் சோதிக்க வேண்டும்.' அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாரும் நின்றார்கள். பழைய துருவேறிய நட்டில் அன்று காலை பட்ட ஸ்பேனர் காயம் பளிச்சென்று மின்னும். அவள் டார்ச்சை அடுத்த நட்டுக்கு நகர்த்திவிடுவாள். பணம் வாங்கவில்லை. பொய் எழுதவில்லை. பிறகு என்ன?

அந்தப் 'பிறகு என்ன?' என்ற கேள்விக்கு அவள் ஒருநாளும் பதில் தேடியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் ஹாரன் அடித்தான். அவள் வெளியே வந்து பார்த்தாள். பச்சை நிற ஜீப். அவள் இடுப்பளவு இருந்தது டயர். பின் கதவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து, முன் கதவுக்குக் கீழே போட்டான் தம்பி. அம்மா அதில் காலை வைத்து, அவன் தோளைப் பிடித்து, ஒருவழியாகத் தரைக்கு வந்து சேர்ந்தாள்.

"ஏறுறதுக்கு ஸ்டூலு, இறங்குறதுக்கு ஆளு. இதுக்கு என்னைத் தூக்கிட்டே நடந்து வந்திருக்கலாம்" என்றாள் அம்மா.

"உசரத்துல உக்காந்தா ஊரே தெரியுதுல்லம்மா?"

"ஊரு தெரியுது. பக்கத்துல நிக்கிறவன்தான் தெரியல."

அவள் ஜீப்பைச் சுற்றி வந்தாள். "இது எந்தக் காட்டுக்குடா போகுது?"

"ஆபீஸ் பார்க்கிங்குக்கு."

"அங்க புலி இருக்கா?"

"மேனேஜர் இருக்காருக்கா."

மூவரும் சிரித்தார்கள். சிரித்தாலும் அவளுக்கு அவனைப் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் வரிசையில் எப்போதும் முதலில் நிற்க வேண்டியிருந்த குள்ளப் பையன் அவன். 'அரை டிக்கெட்' என்று கூப்பிடுவார்கள். அழுதுகொண்டு வருவான். அப்பா இல்லாத வீட்டில் அவன் கண்ணைத் துடைத்தது பெரும்பாலும் அவள் கைதான். முப்பத்தி நாலு வயதில், தினமும் ஆபீஸ் வாசலில் ஒரு சாண் கூடுதல் உயரத்திலிருந்து இறங்குவதற்காக அவன் இவ்வளவு இரும்பைச் சுமக்கிறான். அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

"ஒரு ரவுண்டு வாக்கா" என்று அவன் கூப்பிட, அவள் ஏறினாள். தெரு கீழே போயிற்று. கார்களின் கூரை தெரிந்தது; மனிதர்களின் உச்சந்தலை தெரிந்தது. வாரம் முழுக்க வண்டிகளின் அடிவயிற்றையே அண்ணாந்து பார்த்த கழுத்து, முதல் தடவையாகக் குனிந்து பார்த்தது. பிடித்திருந்தது. அந்தப் பிடித்தலை நினைத்துப் பின்னாளில் அவள் பலமுறை கூசினாள். அன்று கூசவில்லை.

திரும்பி வரும்போது அவன் கேட்டான்: "அடுத்த மாசம் வண்டிக்குச் சோதனை வருதுக்கா. உன் வரிசைல போட்டுக்கவா?"

"வேற வரிசைக்குப் போ. சொந்தக்காரங்க வண்டிய நான் பாத்தா நல்லா இருக்காது."

"அவங்களும் பாஸ்தான் பண்ணப் போறாங்க. ஆனா ஏதாச்சும் நோண்டுவாங்க. நீ போட்டா அதுக்கு மேல பேச்சே கிடையாது. எல்லாத்தையும் கழட்டி, சுத்தமா கம்பெனி வண்டியாத்தான் கொண்டு வருவேன். நீ பொய்யா எழுதச் சொன்னேனா?"

அவள் பேசாமல் இருந்தாள். அவளிடமிருந்து அவன் வாங்க வேண்டிய சம்மதம் அவ்வளவுதான்.

சோதனை நாளன்று பச்சை ஜீப் குட்டையாகி வந்தது. முடிவெட்டிக்கொண்டு வந்து நிற்கும் பையனைப் போல் ஒரு பரிதாபம் அதனிடம். அவள் குழிக்குள் இறங்கினாள். மற்ற வண்டிகளைவிடக் கூடுதல் நேரம் பார்த்தாள். தம்பி வண்டி என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. ஸ்பிரிங், சரி. ஸ்டியரிங் மூட்டுகள், சரி. முன் சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் குழாயை விரலால் வளைத்துப் பார்த்தாள். வெடிப்பில்லை, கசிவில்லை. தாராளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் இரண்டு முனை நட்டிலும் அன்றைய ஸ்பேனர் காயம்.

அவளுக்கு உடனே விளங்கியது. வண்டியைத் தூக்கியபோது நீளமான குழாய் போட்டிருக்கிறார்கள். சோதனைக்காக அதையும் கழற்றிப் பழைய குட்டைக் குழாயை மாட்டியிருக்கிறார்கள். இந்தக் குழாய் இந்த உயரத்துக்குச் சரி. மத்தியானம் வண்டி வளர்ந்ததும் இது போதாது.

பேனா காகிதத்தின் மேல் நின்றது. 'பிரேக் குழாய்கள்' என்ற கட்டம். சோதனைக்கு வந்த நிலையில் சரியாகத்தான் இருக்கிறது. அவள் 'சரி' என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். அழகான, சுழி பிசகாத கையெழுத்து.

வாசல் வரை அவனோடு நடந்தாள். ஓரத்தில் ஓட்டுநர் பயிற்சிக் கார் நின்றிருந்தது. அதன் ஆசிரியரை எல்லாரும் 'கிளட்ச் மாஸ்டர்' என்பார்கள்; நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தையைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியவர். நிலையத்தை ஒட்டிய ஓட்டுநர் தேர்வுத் திடலில் பழக்குவதற்காக இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார். அதில் ஒருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ். சீருடையோடே வந்திருந்தாள்.

"மேடம், அடுத்த மாசம் எனக்கு டெஸ்டு. பாஸ் பண்ணி விட்டுருங்க. ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸுக்கு நின்னு நின்னு காலே வீங்கிப் போச்சு."

"மேடம்கிட்ட அதெல்லாம் நடக்காதும்மா" என்றார் மாஸ்டர். "அவங்க நெருப்பு. நீ மொதல்ல கிளட்சை மெதுவா விடு."

அவள் சிரித்துவிட்டுத் தம்பியிடம் குரலைத் தாழ்த்தினாள். "டேய், திரும்ப ஸ்பிரிங் மாத்தும்போது அந்த நீளமான பிரேக் ஹோஸையும் போடச் சொல்லு. இது பத்தாது. இழுத்துக்கிட்டு நிக்கும்."

"சரிக்கா."

"மறந்துடாத."

"சரிங்கறேன்ல. நீ போ, உனக்கு வேலை இருக்கு."

ஒர்க்‌ஷாப்பில் அன்று நான்கு ஜீப்புகள் வரிசையில் நின்றன. ஸ்பிரிங்கும் டயரும் ஏறின. குழாயை மாற்றினால் எண்ணெய் ஊற்றி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். தம்பிக்கு ஆபீஸில் கூட்டம். "ரெண்டு நாள்ல வந்து மாத்திக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். இரண்டு நாள் நான்காயிற்று, ஒன்பதாயிற்று. பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது!

ஒன்பதாம் நாள், முற்பகல் பதினொன்றரை. ஒரு சரிவான சாலை. சரிவு தொடங்கும் இடத்தில் ஒரு வேகத்தடை. ஜீப் அதன் மேல் ஏறி இறங்கியது. முன் சக்கரம் ஒரு கணம் கீழே தொங்கியது. ஏற்கெனவே விறைத்திருந்த குழாய் அந்த இழுப்பில் அறுந்தது. முன் பிரேக் போயிற்று. மிச்சமிருந்த பாதிப் பிரேக் அந்தக் கனத்த டயர்களை நிறுத்தப் போதவில்லை. சரிவின் அடியில் சிவப்பு விளக்கு. கோட்டுக்குப் பின்னால், சொல்லிக் கொடுத்தபடியே ஒழுங்காக நின்றிருந்தது ஓட்டுநர் பயிற்சிக் கார்.

சாதாரண உயரத்து வண்டியாக இருந்திருந்தால் பம்பரும் பம்பரும் மோதியிருக்கும். ஜீப்பின் பம்பர் காரின் பம்பருக்கு மேலாகப் போய், டிக்கியைக் கிழித்துக்கொண்டு பின் இருக்கைக்குள் நுழைந்தது. அப்போது ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தவருக்கும் மாஸ்டருக்கும் சிராய்ப்பு. அடுத்த முறை தனக்கு என்று பின் இருக்கையில் காத்திருந்தவள் அந்த நர்ஸ். அவளுக்கு முதுகெலும்பில் அடி.

தம்பிக்கு உதட்டில் ஒரு வெட்டு.

விபத்தை விசாரிக்கும் அதிகாரி மூன்றாம் நாள் சோதனை நிலையத்துக்கு வந்தார். அதற்குள் அம்மா நான்கு தடவை போன் செய்துவிட்டாள். "அவன் சின்னப் பையன்டி. நீ வளத்த புள்ள. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்னு மட்டும் சொல்லிடாத. உன் வேலையும் போகும், அவனும் உள்ள போவான். ரெண்டு பேரையும் இழந்துட்டு நான் யாரைப் பாத்துக்கிட்டு இருப்பேன்?"  தம்பி அழுகிற சத்தம் பின்னால் கேட்டது. அரை டிக்கெட்டின் அழுகை. அதை அவள் காது எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடும்.

அதிகாரி சான்றின் நகலை மேஜையில் வைத்தார். "உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"லிஃப்ட் பண்ணின வண்டின்னு அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?"

மேலதிகாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சான்றின் நகலைப் பார்த்தாள். பொய் சொல்லப் பயம். உண்மை சொல்லவும் பயம். இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருப்பதைப் பதினாறு வருஷமாக அவள் அறிந்திருந்தாள். அதற்குள் நுழைந்தாள்.

"சோதனைக்கு வந்த வண்டி சரியாத்தான் இருந்துச்சு சார்."

அவர் எழுதிக்கொண்டார். ஓர் எழுத்துகூடப் பொய்யில்லாத வாக்கியம். அவள் சோதித்த அந்த வண்டி ஒரே ஒரு காலைப்பொழுது மட்டும் உலகத்தில் இருந்தது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எதிர்பாராத பிரேக் கோளாறு என்று அறிக்கை எழுதப்பட்டது. தம்பிக்கு அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியதற்கு அபராதம், ஆறு மாதம் ஓட்டத் தடை. முடிந்தது.

அவளுக்கு முடியவில்லை. குழிக்குள் நின்று தட்டும்போது எல்லா நட்டும் ஒரே சத்தம் போட்டது. 'சொன்னேனே' என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஹோஸை மாத்தச் சொன்னேனே. ஆரம்பத்தில் அந்த வார்த்தை ஆறுதலாக இருந்தது. பிறகுதான் அதன் முதுகுப்பக்கம் தெரிந்தது. சொன்னேன் என்றால், தெரிந்திருந்தது. தெரிந்தவள் குரலைத் தாழ்த்திச் சொன்னது எதற்காக? அதே வாசலில் நின்றிருந்த மாஸ்டர் காதிலும் அந்தப் பெண் காதிலும் விழக் கூடாது என்பதற்காக. காதில் சொன்னதைக் காகிதத்தில் எழுதியிருந்தால் போதும். அந்த வண்டி அன்று சான்றில்லாமல் நின்றிருக்கும்.

மூன்று வாரம் கழித்து, நடந்ததை நடந்தபடி எழுதி எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனாள். அவர் முழுக்கப் படித்தார். பிறகு மடித்து அவள் பக்கமே தள்ளினார்.

"இதை நான் வாங்கினேன்னு வைங்க. அந்த ஒரு வண்டியோட நிக்குமா? பரீட்சை செட்டுப் போட்டு வந்த அத்தனை வண்டியையும் திரும்பக் கூப்பிடணும். மூணு வரிசையும் மூடணும். யாரும்மா செய்வாங்க அதை? கேஸ் முடிஞ்சு போச்சு. ஒரு வாரம் லீவு போடுங்க."

வெளியே வந்தபோது எதிர் ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜீப் ஜாக்கியின் மேல் நின்றுகொண்டிருந்தது.

அவள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்த நர்ஸ், தான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைத்த அதே வார்டில் படுத்திருந்தாள். வராந்தா பெஞ்சில் கிளட்ச் மாஸ்டர். தினமும் வருகிறாராம். அவர் எழுந்து, "வாங்க மேடம்" என்றார். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கடிதத்தை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. 

"கோட்டுக்குப் பின்னாடி நிறுத்துன்னு சொன்னேன் மேடம். நிறுத்தினாங்க. நாங்க ஒரு தப்பும் பண்ணல" என்றார். "இதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க? உள்ள போய்ச் சொல்லுங்க."

உள்ளே போனாள். அந்தப் பெண் அசையாமல் கேட்டாள்.  நோயாளி சொல்வதை நர்ஸ் கேட்பது போலவே கேட்டாள். முடிந்ததும் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஊசி போடுறதுக்கு முன்னாடி நாங்க சீட்டைப் பாப்போம் மேடம். சீட்டுல எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கும். ஆனா கட்டில்ல இருக்கிற ஆளுக்கு அது ஒத்துக்காதுன்னு தெரிஞ்சுட்டா, போட மாட்டோம். டாக்டர் கத்தினாலும் போட மாட்டோம். சீட்டுல இருந்ததைத்தான் செஞ்சேன்னு சொல்லி நாங்க தப்பிச்சுக்கலாம். அந்த ஆளு தப்பிக்க முடியாதுல்ல?"

"நான் காசு வாங்கலம்மா" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. "இத்தனை வருஷத்துல யார்கிட்டயும் வாங்கினதில்ல."

நர்ஸ் முதல் தடவையாக அவள் பக்கம் கண்ணைத் திருப்பினாள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"காசு வாங்கினாத்தான் லஞ்சமா மேடம்? தம்பிங்கிற பாசத்தை வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டீங்க. அதுக்கு முன்னாடி, எதுக்கு வம்புன்னு உங்க நிம்மதியை வாங்கிக்கிட்டுப் போட்டீங்க. காசு வாங்குறவனுக்காவது மாட்டிக்குவோம்னு ஒரு பயம் இருக்கும். உங்களுக்கு அதுவும் இல்ல. தப்புன்னு தெரிஞ்சும் கண்ணை மூடிக்கிட்டுப் போடுற கையெழுத்துதான் மேடம் பெரிய லஞ்சம். அதுக்கான விலையை, கையெழுத்து வாங்கினவனும் குடுக்கல, போட்டவங்களும் குடுக்கல. ரோட்டுல ஒழுங்கா நின்னவ குடுக்குறேன்."

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.  அந்த மன்னிப்பை வைக்க அந்த அறையில் இடமில்லை என்று தோன்றியது.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க" என்றாள் அந்தப் பெண், மறுபடி கூரையைப் பார்த்துக்கொண்டு. "கால் பக்கம் போர்வை நழுவியிருக்கான்னு பாருங்க. நழுவினா எனக்குத் தெரியறதில்ல."

அவள் குனிந்து பார்த்தாள். நழுவித்தான் இருந்தது.